எண்ணும் பெயரும்

மனிதனாகப் பிறந்தவனுக்கு ஏதாவது ஒரு சேகரிப்புப் பைத்தியம் பிடிக்காமல் போவதில்லை. சிலர் தபால் தலை சேர்க்கிறார்கள். சிலர் செல்லாத காசு சேர்க்கிறார்கள். செல்லுகிற காசைச் சேர்க்கிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என் நண்பர் ஒருவர் தமக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளை யெல்லாம் கட்டுக் கட்டாகச் சேர்த்து வைத்திருக்கிறார். அந்தத் தம்பதிகளில் பாதிப்பேர் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். கம்பைநல்லூரில் சரித்திர வாத்தியாராகக் காலம் தள்ளும் நான் சேர்ப்பதோ பிரெஞ்சு ராணுவத்தின் பழைய துப்பாக்கிகள்!

இதைப் படித்துவிட்டு நேயர்கள் யாரும் போலீஸ் நிலையத்துக்கு ஓட வேண்டாம். என் வீட்டில் ஒரு துப்பாக்கியும் கிடையாது. எலிப்பொறி ஒன்று இருக்கிறது. அதுவும் சமயத்தில் விழுவதில்லை. நான் சேர்ப்பது துப்பாக்கிகளின் ஜாதகங்களை மாத்திரமே. எந்த ஆண்டு, எந்தத் தொழிற்சாலை, குழலின் விட்டம் என்ன, எந்த யுத்தத்தில் யார் கையில் இருந்தது என்ற விவரங்களை எழுதி, பக்கத்திலே பென்சிலால் படமும் போட்டு, ஆறு நோட்டுப் புத்தகங்களை நிரப்பியிருக்கிறேன். "ஊரில் அவரவர் நிலம் வாங்குகிறார்கள். நீங்கள் நோட்டுப் புத்தகத்திலே துப்பாக்கி வாங்குகிறீர்கள்" என்பது என் மனைவியின் அபிப்பிராயம். இதற்கு நான் மறுமொழி சொன்னதில்லை.

கம்பைநல்லூருக்கும் பிரெஞ்சுத் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தேசிநாதேஸ்வரர் கோயிலும், சந்தையும், நிலக்கடலைக் காடுமாக இருக்கும் ஊர் இது. ஆனால் பாராமகால் என்று பெயர் பெற்றிருந்த இந்தச் சீமை முழுவதும், 1792-ஆம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கும்பினியார் வசமாகும் வரையில், ஹைதர் அலியின் ராஜ்யத்திலும் அவர் மகன் திப்பு சுல்தானின் ராஜ்யத்திலும் அடங்கியிருந்தது. அவர்களுடைய சேனையிலே பிரெஞ்சு அதிகாரிகள் இருந்தார்கள். லாலி என்பவரின் தலைமையில் ஓர் ஐரோப்பியப் படையே இருந்தது. துப்பாக்கியும் துப்பாக்கி செய்யும் வித்தையும் பிரெஞ்சுக்காரரிடமிருந்தே அவர்களுக்குப் பெரும்பாலும் வந்தன. திப்பு தம்முடைய தூதர் மூவரைப் புதுச்சேரியிலிருந்து கப்பலேற்றி அனுப்பினார். அவர்கள் 1788-இல் வெர்ஸேல்ஸ் அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னரைக் கண்டார்கள். படை உதவி கிடைக்கவில்லை. கைவினைஞர்கள் சிலர் மாத்திரம் உடன் வந்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பட்டறைகளில், புலி உருவம் பொறித்த அழகான துப்பாக்கிகள் தயாராயின. 1799-ஆம் வருஷம் மே மாதம் 4-ஆம் தேதி திப்பு வீழ்ந்த பிறகு அவற்றில் பல கப்பலேறின. இன்று அவை பிரிட்டனின் அரண்மனையிலும் காட்சிசாலைகளிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன.

பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் பிரெஞ்சுத் துப்பாக்கிகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் ஏராளம். அவர்களுடைய ஞானம் சாமான்யமானதல்ல. ராணுவம் முழுவதற்கும் ஒரே மாதிரியான துப்பாக்கி வேண்டுமென்று பிரெஞ்சு அரசாங்கம் முதன்முதலாக ஓர் அளவு ஏற்படுத்தியது 1717-இல். குழலுக்குள் மருந்தையும் குண்டையும் வாய் வழியாக இடித்து, சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடும் துப்பாக்கி அது. குழலின் வாய் 17.5 மில்லிமீட்டர். ஷார்ல்வீல், மோபேழ், சேந்த் எத்தியேன் ஆகிய ஊர்களில் தொழிற்சாலைகள் இருந்தன. ஷார்ல்வீல் என்ற பெயரே பிற்பாடு துப்பாக்கியின் பெயராகிவிட்டது. 1866-இல் ஷாஸ்போ வந்தது. காகிதத் தோட்டாவைப் பின்புறமாகச் செருகி, ஓர் ஊசியால் குத்தி வெடிக்கச் செய்வது அதன் சூட்சுமம். 1870-இல் பிரஷ்யாவுடன் நடந்த யுத்தத்தில் எதிரியின் துப்பாக்கியைவிட அது அதிக தூரம் சுட்டது. இருந்தும் பிரான்ஸ் தோற்றது. 1874-இல் உலோகத் தோட்டா கொண்ட கிரா துப்பாக்கி வந்தது.

பிறகு 1886-இல் வந்ததுதான் லெபெல். அதற்கு முன்னால் யுத்தகளத்தில் பத்து வேட்டுத் தீர்ந்தால் எதிரே யானை நின்றாலும் தெரியாது, அவ்வளவு புகை. போல் வியேல் என்ற பிரெஞ்சு ரசாயன நிபுணர் 1884-இல் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். அந்த மருந்தில் சுடும் முதல் ராணுவத் துப்பாக்கி லெபெல். விட்டம் 8 மில்லிமீட்டர். குழலின் கீழே உள்ள மற்றொரு குழாயில் எட்டுத் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். இந்த ஒரு துப்பாக்கியால் உலகத்து ராணுவங்கள் அனைத்தும் தங்கள் ஆயுதசாலைகளைக் காலி செய்து புதிதாக நிரப்ப நேர்ந்தது. அப்படி ஒவ்வொரு முறையும் கழிக்கப்பட்ட பழைய துப்பாக்கிகளை வியாபாரிகள் மொத்தமாக வாங்கினார்கள். கிரா துப்பாக்கிகள் பல, ரவை போட்டுப் பறவை சுடும் வேட்டைத் துப்பாக்கிகளாக உருமாறின. வேறு பல ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறின. இன்றைய சேகரிப்பாளர்கள் தேடுவது அவற்றில் உருமாறாமல் தப்பியவற்றைத்தான்.

அவர்கள் ஒரு துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது எண் பொருத்தம். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஓர் எண் உண்டு. குழலில் பொறித்த எண்ணும், பூட்டுத் தண்டில் பொறித்த எண்ணும், மரக்கட்டையில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருந்தால் விலை ஏறும், வேறுபட்டால் இறங்கும். நம் வீடுகளில் பத்துப் பொருத்தம் பார்ப்பதைவிட அவர்கள் இதில் கண்டிப்பானவர்கள்.

அவர்களிடையே ஒரு பழைய பரிகாசமும் வழங்குகிறது. "பிரெஞ்சுத் துப்பாக்கி விற்பனைக்கு, ஒருபோதும் சுடப்படாதது, ஒரே ஒரு முறை கீழே போடப்பட்டது" என்று விளம்பரம் செய்வதுபோல் சொல்லிச் சிரிப்பார்கள். 1940-இல் ஜெர்மனியிடம் பிரான்ஸ் ஆறே வாரத்தில் பணிந்ததைக் குத்திக் காட்டும் பரிகாசம் இது. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. 1914-லிருந்து 1918 வரை நடந்த மகாயுத்தத்தில் பிரான்ஸ் பறிகொடுத்த போர்வீரர்கள் பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். லெபெலும் பெர்த்தியேயும் அவர்கள் கையில் இருந்த துப்பாக்கிகள். அந்தக் கணக்கிலே செனெகல் நாட்டாரும், வியத்நாமியரும், புதுச்சேரி காரைக்கால் பக்கத்துத் தமிழரும் அடக்கம்.

நம் நாட்டில் இந்தச் சேகரிப்பு வளராமல் போனதற்குக் காரணம் நம்முடைய ரசனைக் குறைவு அல்ல. பாளையக்காரர் யுத்தம் முடிந்ததும், 1801-இல், தென்சீமையில் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களைப் பறிக்கவும் கும்பினியார் உத்தரவு போட்டார்கள். 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியன் கையில் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி இருக்கக்கூடாது என்றது. அந்தச் சட்டத்தின் கீழ் வெள்ளைக்காரருக்கோ விலக்கு இருந்தது. தன் சொந்த நாட்டில் ஒருவனை நம்பத் தகாதவன் என்று எழுத்து மூலம் அறிவித்த சட்டம் அது. காங்கிரஸ் மகாசபை அதைத் திருத்தக் கோரி வருஷா வருஷம் தீர்மானம் போட்டுக்கொண்டிருந்ததில் வியப்பில்லை. சுதந்திரம் வந்தபின் 1959-இல் நம்முடைய பார்லிமெண்டே புதிய சட்டம் செய்தது. இதுவும் கண்டிப்பானதுதான். செப்பனிட்டாலும் சுட முடியாதபடி கெட்டுப்போன பழைய ஆயுதங்களுக்கு அதில் விலக்கு உண்டு. இந்தக் கண்டிப்பு எனக்குச் சம்மதமே. தெருச் சண்டையில் கைகலப்போடு போவது வேட்டோடு போகக் கூடாது. அந்நியன் நம்மிடம் பயந்து போட்ட பூட்டு வேறு. நாமே நம் வீட்டுக்குப் போட்டுக்கொண்ட பூட்டு வேறு.

ஆகவே என் போன்றவர்களுக்குக் காட்சிசாலைதான் கதி. சென்னையில் எழும்பூர்க் காட்சிசாலையின் ஆயுதப் பகுதிக்குப் பலமுறை போயிருக்கிறேன். ஹைதராபாத்துக்குப் போயிருந்தபோது, நிஜாமின் சேனையை நடத்திய ரேமோன் என்ற பிரெஞ்சுக்காரரின் சமாதியைப் பார்த்தேன். ஒரு குன்றின்மேல் கூம்புத் தூணாக நிற்கிறது. அவர் பழக்கிய பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள், அவர் இறந்த சில மாதங்களில், 1798-இல், இங்கிலீஷ்காரர் முன்னிலையில் துப்பாக்கிகளைக் கீழே வைத்துவிட்டு ஊர்களுக்குப் போகும்படி ஆயிற்று. ரேமோனுக்குத் தூண் இருக்கிறது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் போனவன் யார்?

இந்தக் கேள்வி எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. சில ஆண்டுகளுக்கு முன் பள்ளிப் பிள்ளைகளை மொரப்பூரில் ரயிலேற்றி எழும்பூர்க் காட்சிசாலைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஒரு பழைய சக்கிமுக்கித் துப்பாக்கியின் முன்னால் நின்று, மருந்து எங்கே போடுவது, கல் எங்கே உரசும், வேட்டுக்கு எவ்வளவு நேரமாகும் என்று உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான்.

"ஸார், இது யாரோடது?"

"தஞ்சாவூர் அரண்மனையிலிருந்தும் கோட்டையிலிருந்தும் இங்கே கொண்டுவந்து வைத்தவற்றில் ஒன்றாக இருக்கும், தம்பி."

"அது இல்லீங்க ஸார். யார் கையில் வெச்சிருந்தாங்க? அவங்க பேர் என்ன?"

நோட்டுப் புத்தகம் ஆறும் நிரப்பிய எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று முதல் என் சேகரிப்பின் போக்கே மாறிற்று.

பாடப் புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1746-இல் அடையாற்றங்கரையில், மாபூஸ்கான் கொண்டுவந்த நவாபின் பெருஞ்சேனையைப் பிரெஞ்சுக்காரரின் சிறு படை சிதறடித்தது. வரிசையாக நின்று ஒரே சமயத்தில் சுடப் பழகியவர்கள் சில நூறு பேராயினும், பழகாத பத்தாயிரம் பேரை வென்றுவிடலாம் என்பதை அன்றுதான் இந்தியா கண்டது. அதற்குப் பின் இருநூறு வருஷத்து அடிமை வாழ்வின் விதை அந்த வேட்டொலியில் இருந்தது என்று சொல்வாருண்டு. படையை நடத்தியவர் பெயர் பாரடி. அது புத்தகத்தில் இருக்கிறது. பிரெஞ்சுத் துப்பாக்கி ஏந்தி அவர் பக்கம் நின்ற இந்தியச் சிப்பாய்களில் ஒருவன் பெயரையாவது நாம் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோமா?

அவர்களை வீரர் என்று கொண்டாடச் சொல்லவில்லை. கூலிக்காக அந்நியன் கொடியின் கீழ் நின்றவர்கள்தாம். ஆனால் கூலிக்குப் போனவனுக்கும் தாய் பெயர் வைத்திருப்பாள் அல்லவா?

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், முதல் மகாயுத்தத்தில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக எழுப்பிய நினைவுச் சின்னம் ஒன்று இருக்கிறது. ஜூலை 14-ஆம் தேதி, பிரெஞ்சு தேசிய தினத்தன்று, அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் மார்பிலே பதக்கங்களோடு வந்து நிற்பார்கள். அவர்களை அந்த ஊரில் 'சொல்தா' என்று அழைப்பது வழக்கம். படைவீரன் என்பதற்குரிய பிரெஞ்சுச் சொல் அப்படித் தமிழாகிவிட்டது. புதுச்சேரி 1954-ஆம் வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி இந்தியாவோடு சேர்ந்தது. அதற்கு முன்னால் வியத்நாம் முதலிய தேசங்களில் பிரான்ஸுக்காகப் போரிட்ட தமிழர்கள் பலர்.

என் மனைவிக்குத் தாத்தா முறையாகும் ஒரு சொல்தா காரைக்காலில் இருந்தார். இப்போது காலமாகிவிட்டார். நான் துப்பாக்கிப் பைத்தியம் என்று கேள்விப்பட்டதும், "வாங்க மாப்பிள்ளை, வாங்க" என்று பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அவர் ஏந்தியது மாஸ் 36 என்ற துப்பாக்கி. 1936-இல் ஏற்பட்ட மாதிரி, சேந்த் எத்தியேன் தொழிற்சாலையின் சரக்கு, 7.5 மில்லிமீட்டர், ஐந்து தோட்டா. தற்செயலாக வெடிக்காமல் தடுக்கும் காவல் விசை அதில் கிடையாது. "அதிலே காவல் கிடையாது மாப்பிள்ளை. நமக்குப் புத்திதான் காவல்" என்றார்.

அந்தத் துப்பாக்கியின் எண் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். எண்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த கிழவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு, பிரெஞ்சு மொழியில், கட்டளைக்குப் பதில் சொல்வதுபோல் எண்ணை ஒப்பித்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆவலோடு எழுதிக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "என்னோடு ஒரே கப்பலில் நம் பக்கத்துப் பையன் ஒருத்தன் வந்தான். வயற்காட்டிலே என் பக்கத்திலேயே விழுந்தான். அவன் முகம் தெரிகிறது. பேர் வரமாட்டேன் என்கிறது. துப்பாக்கி எண் மறந்தால் தண்டனை உண்டு மாப்பிள்ளை. செத்தவன் பேர் மறந்தால் அங்கே ஒருவரும் தண்டிப்பதில்லை" என்றார்.

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. உள்ளே இருந்து காபி வந்தது, குடித்தோம். ஆனால் நோட்டுப் புத்தகத்தில் அந்த எண்ணின் பக்கத்தில் எப்போதும்போல் படம் போட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பக்கம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

ஊர் திரும்பிய பிறகுதான், நாள்தோறும் கண்ணில் படும் ஒரு சேகரிப்பை நான் கவனித்துப் பார்க்கலானேன். தகடூர் நாடு என்று சங்க காலத்தில் பேர்பெற்ற எங்கள் தருமபுரி வட்டாரம் நடுகற்களுக்குப் பிரசித்தமானது. ஊர் எல்லையிலும், ஏரிக்கரையிலும், வேலிகாத்தான் புதரிலும் நிற்கும். கையில் வில்லோ வாளோ ஏந்திய வீரன் உருவம். மேலே சில வரி எழுத்து. எந்த மன்னனுடைய எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யாருடைய மாட்டை மீட்கப்போய்ப் பட்டான், அவன் பெயர் என்ன என்ற விவரம் அதில் இருக்கும். கிழக்கே செங்கம் பக்கத்தில் எடுத்தனூர் என்ற ஊரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. பட்ட வீரன் பெயர் கருந்தேவக்கத்தி. அவனுடைய நாயின் உருவத்தையும் பக்கத்தில் செதுக்கி, கோவிவன் என்று அதற்கும் பெயர் எழுதி, அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதையும் பொறித்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மலையோரக் கிராமம் தன் நாயின் பெயரையும் மறக்கச் சம்மதிக்கவில்லை! பிற்காலத்துக் கற்களில் எழுத்துக் குறைந்துவிடுகிறது. வில்லிருந்த கையில் துப்பாக்கி ஏந்திய வீரர்களும் சில கற்களில் தோன்றுகிறார்கள்.

இந்தத் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போன கதையை நேயர்கள் அறிவார்கள். தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டினான். அங்கே வேல்கள் மயிற்பீலி சூட்டி, மாலையணிந்து, நெய் பூசிக் காவலுக்குள் இருந்தன. எங்கள் அரசனுடைய வேல்களோ நுனி மழுங்கிக் கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று ஔவை சொன்னாள். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு இது. புகழ்வதுபோல் பழித்ததும், பழிப்பதுபோல் புகழ்ந்ததும் என்று பிள்ளைகளுக்கு அணி நயம் சொல்லிக்கொடுப்போம். எனக்கோ அது ஆயுதம் சேகரிப்பவர்களுக்குச் சொன்ன பாட்டாகவும் படுகிறது. நெய் பூசிய இரும்பில் அதை ஏந்தியவனுடைய அடையாளம் ஒன்றும் தங்குவதில்லை.

மேல்நாட்டுச் சேகரிப்பாளர்களை நான் குறை கூறவில்லை. அவர்களிலே சிலர் ஒரு துப்பாக்கியின் எண்ணைப் பிடித்துக்கொண்டு, பழைய பதிவேடுகளைப் புரட்டி, அது இருந்த ரெஜிமெண்டையும் ஏந்திய மனிதனையும் தேடிப் போகிறார்கள். பிரெஞ்சு அரசாங்கம் முதல் மகாயுத்தத்தில் மாண்டவர்களின் பதிவுச் சீட்டுகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறது. பெயர், பிறந்த ஊர், படைப்பிரிவு, இறந்த நாள் முதலியவை அதில் இருக்கின்றன. பிறந்த ஊர் புதுச்சேரி என்று எழுதிய சீட்டுகளும் உண்டு. அந்தப் பெயர்களைப் படியெடுப்பதற்காக நான் ஏழாவது நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கியிருக்கிறேன். அதில் துப்பாக்கிப் படம் கிடையாது.

ஆயுத பூஜை நாளில் நம் வீடுகளில் அரிவாளும் அரிவாள்மனையும் முதல் மோட்டார் சைக்கிள் வரையில் சந்தனம் குங்குமம் பெறுகின்றன. குடகு நாட்டில் துப்பாக்கிக்கே மலர் சூட்டிப் பூஜை செய்யும் பண்டிகை உண்டு. ஆயுதத்தை மதிப்பது நம் வழக்கத்துக்கு விரோதமல்ல. அதோடு நிறுத்திவிடக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணிலோ தகரப் பெட்டியிலோ ஒரு பாட்டனாரின் பட்டாளத்துக் காகிதம், பதக்கம், பென்ஷன் புத்தகம், பழைய போட்டோ ஏதாவது கிடக்கக்கூடும். அவர் இங்கிலீஷ்காரன் படையில் இருந்திருக்கலாம். பிரெஞ்சுக்காரன் படையில் இருந்திருக்கலாம். நேதாஜியின் படையில் இருந்திருக்கலாம். அவரைத் தெரிந்த கடைசிப் பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டுத் திண்ணையில் இன்னும் உட்கார்ந்திருக்கக்கூடும். போட்டோவின் பின்புறத்தில் பெயரையும், ஊரையும், போன வருஷத்தையும், திரும்பி வந்தாரா இல்லையா என்பதையும் இன்றே எழுதி வையுங்கள். பழைய துப்பாக்கியே கிடந்தால், அதைப் பழம்பொருள் வியாபாரியிடம் தள்ளாமலும், பிள்ளைகள் விளையாடத் தராமலும், சட்டப்படி போலீஸாருக்குத் தெரிவித்துக் காட்சிசாலையில் சேர்க்க வழி கேளுங்கள். கொடுக்கும்போது அது யார் கையில் இருந்தது என்ற சீட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

எங்கள் பள்ளிப் பிள்ளைகள் இப்போது சனிக்கிழமைகளில் சுற்று வட்டாரத்து நடுகற்களைத் தேடிப் போகிறார்கள். பல ஊர்களில் அவை வேடியப்பன் என்ற பெயரில் பூஜை பெறுகின்றன, அவற்றுக்குக் குறைவில்லை. வேறு சில ரோடு போடும்போது புரட்டித் தள்ளப்பட்டுக் கிடக்கின்றன. ஒரு கல்லின்மேல் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாளிடம், எழும்பூரில் என்னைக் கேள்வி கேட்ட அதே பையனுடைய தங்கை, "இதிலே ஒருத்தர் பேர் எழுதியிருக்குதுங்க அம்மா" என்றாள். அந்த அம்மாள் துணிகளைச் சுருட்டிக்கொண்டு வேறு கல்லுக்குப் போய்விட்டாள். பிள்ளைகள் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். பாதி எழுத்துத் தேய்ந்திருந்தது. மீதிப் பாதியை எழுத்துக் கூட்டிப் படிக்க அன்று சாயங்காலம் வரையில் ஆயிற்று.